நாற்பது நிமிடம்

என்னை மேற்பார்வையாளர் ஆக்கிய அன்று மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே இந்தக் கையில அழுக்கே படாது" என்றார். வாழ்த்துகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அசட்டுத்தனமாகச் சிரித்துக்கூட வைத்தேன்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனியில் என் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'காது' என்று சொன்னால் வாசல் காவல்காரர் வரைக்கும் தெரியும். கோளாறான லிஃப்டில் ஏறிக் கதவை மூடி, ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அவ்வளவுதான். எட்டாவது மாடியில் கதவுப் பூட்டு உரசுகிறது, பதினொன்று தாண்டும்போது ரோப்பில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ரோப் என்பது லிஃப்டைத் தூக்கிப் பிடிக்கும் இரும்பு வடம். மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. போய்ப் பார்த்தால் நான் சொன்ன இடத்தில்தான் அறுந்திருக்கும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சிலருக்கு நாக்கு, எனக்குக் காது. இப்படிப்பட்ட ஆளுக்கு இன்னும் பத்து லிஃப்டைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் பார்த்திருப்பேன். அவர்கள் ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தானா வர்ற பதவிய வேண்டாம்னு சொல்ற மனுஷன எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுடைய தம்பியும் எங்கள் கம்பெனியில்தான் மெக்கானிக். முப்பது வயது தாண்டியும் சேட்டை போகாததால் அவனுக்கு 'வாலு' என்று பெயர். அவன் அன்றைக்கே ஒரு பெட்டி இனிப்போடு வீட்டுக்கு வந்து நின்றான். "மாமா, இனிமே நீங்க கையக் காட்டுங்க, நாங்க செய்றோம்" என்று சொல்லி முதல் துண்டை என் வாயில் திணித்தான். வாய் நிறைய இனிப்போடு எவனால் மறுக்க முடியும்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

நாற்காலி இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே குளிர்சாதனப் பெட்டி நாள் முழுக்க முனகும். இரண்டு கம்ப்யூட்டர்த் திரை, மூன்று போன், அதில் ஒன்று எப்போதும் என் காதில் இருக்கும். ஒன்பது மெக்கானிக், அறுபத்து நாலு லிஃப்ட். யார், எங்கே, எப்போது போக வேண்டும் என்று நான் எழுத வேண்டும். எழுதினேன். மின்னஞ்சலில் 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்புவேன். லீவு கேட்டவனுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, திங்கள்கிழமை காலையில் ஒன்பது பேரில் மூன்று பேரோடு உட்கார்ந்திருப்பேன். போனில் ஒருவர் கத்தினால் அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சரிசெய்யத்தான் கால் துடிக்கும். ஒருமுறை ஓடியும் போனேன். "உங்கள யாரு போகச் சொன்னா? நீங்க அனுப்பணும். போகக் கூடாது" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார்.

ஆறு மாதத்தில் அவர் அறைக்குப் போய், என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "மேல போறதுக்கு ஃபாரம் இருக்கு. கீழ இறங்குறதுக்கு நம்மகிட்ட ஃபாரமே கிடையாதே" என்றார். லிஃப்ட் கம்பெனி நடத்துகிற மனுஷன் சொல்கிற பதிலைப் பாருங்கள்.

அதற்கப்புறம்தான் அந்த அட்டவணை வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மேற்பார்வையாளர் எழுதித் தர வேண்டும். கம்ப்யூட்டர் அதை வைத்து ஆட்களைப் பிரித்து அனுப்பும். எனக்கோ ஒரே சந்தோஷம். அந்த அறைக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த விஷயத்தை முதன்முறையாகக் கேட்டிருக்கிறார்களே! அனுமானமாக எழுத மனம் வரவில்லை. என் பழைய வேலைக் குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, இருபத்திரண்டு வருடக் கணக்கைப் பார்த்து நாணயமாக எழுதினேன். கதவுப் பூட்டு, ஒரு மாடிக்கு ஆறு நிமிடம். பிரேக், இருபத்தைந்து. பதினாலு மாடிக் கட்டடத்தில் ரோப் சோதனை, நாற்பது நிமிடம்.

ஒரு வாரத்தில் மெக்கானிக்குகள் வந்துவிட்டார்கள். "அண்ணே, ரோப்புக்கு நாப்பது நிமிஷம் பத்தவே பத்தாது" என்று ஒருவர் சொன்னார்.

"நான் செஞ்சேனே?"

"நீங்க செஞ்சீங்க."

அவர் சொன்ன விதத்தில் இருந்தது என் மண்டையில் ஏறவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். நான் போனதும் குளிர்விட்டுப் போயிற்று இவர்களுக்கு என்று ஆத்திரம் வேறு. வாலுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, நீங்க ஒரு தடவ மேல கீழ போயிட்டு வந்து, அறுந்த இடத்துக்கு நேராப் போய் நிப்பீங்க. நாங்க அடியிலேந்து நுனி வரைக்கும் தடவிப் பார்க்கணும். உங்க காது எங்களுக்கு இல்ல மாமா."

"காது எல்லாருக்கும் ரெண்டுதான்டா. கேக்குறவனுக்குக் கேக்கும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு எழுந்து போனான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ரோப்பைச் சோதிக்கிற முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை. அங்கே ஒரு பெரிய சக்கரத்தின் மேல் ரோப் ஓடும். ரோப்பில் கை வைப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை நம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேசையில் வைக்கக் கூடாது, அடுத்தவரிடம் கொடுக்கவும் கூடாது. சாவி நம் பையில் இருக்கிறவரைக்கும் சக்கரம் சுற்றாது. கைக்கு எட்டுகிற துண்டு ரோப்பைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். அறுந்த கம்பி பெரும்பாலும் துணியில் மாட்டும். பிறகு பூட்டைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி அணைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, அடுத்த துண்டு. முழு ரோப்புக்கும் முப்பது தடவைக்கு மேல் பூட்டித் திறக்க வேண்டும். எனக்கு நாலைந்து தடவை போதும், ஏனென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு முதலிலேயே கேட்டுவிடும். முப்பது தடவை பூட்டித் திறக்கிறவனுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? பூட்டமாட்டான். சக்கரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஓடுகிற ரோப்பில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. வாலு பிடித்திருந்த துணியை அறுந்த கம்பி இழுத்திருக்கிறது. துணியோடு கை போயிருக்கிறது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சக்கரத்துக்கும் ரோப்புக்கும் நடுவில் போய்விட்டன. போனில் பேசியவர் அழுதுகொண்டே, "முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு, இன்னும் பாதிகூட முடியல, அதான் ஓடவிட்டான்" என்றார். நான் எழுதிய அட்டவணை எதிரே திரையில் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரப் போனேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். எனக்கு இடம் விட்டாளா, என்னைவிட்டு நகர்ந்தாளா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள். "என் தம்பி விரல நீங்கதான் எடுத்தீங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா சொல்லாம இருக்கறதுக்கு என்னால முடியல." அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். வாலுவோ கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "எண்ணிக்கைல ரெண்டு குறையுது மாமா, மத்தபடி ஒண்ணுமில்ல" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணை தொடங்கியது. பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்ணாடி, கையில் ஒரு கோப்பு, அதிகம் பேசாத வாய். கேள்வி ஒன்றுதான். நாற்பது நிமிடம் நியாயமான நேரமா? நியாயம் என்றால் பூட்டாமல் வேலை செய்தது வாலுவின் தவறு. அவனுக்கு வேலை போகும், வைத்தியத்துக்கும் கம்பெனி கை விரித்துவிடும். நியாயம் இல்லை என்றால் தவறு அட்டவணையின்மேல். கம்பெனி வைத்தியம் பார்த்து, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "தப்பு என்னோடதும்மா. நாப்பது நிமிஷம் என் கைக்குத்தான். வேற யாருக்கும் முடியாது."

மேனேஜர் சிரித்தார். "மச்சானுக்காகப் பேசறாரு. இவரு ஒருத்தருக்கு முடியும்னா பழகினா எல்லாருக்கும் முடியும். இவரையே செஞ்சு காட்டச் சொல்லுங்க. நாப்பது நிமிஷத்துல முடிச்சிடுவாரு, நான் எழுதித் தர்றேன்."

அந்த அம்மா கோப்பைப் புரட்டினார். அதே கட்டடத்தில் பக்கத்து லிஃப்டும் அதே மாதிரி, அதே வயது. அதன் ரோப்பில் இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருப்பதைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றுகிற அளவுக்கு மோசமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய இடங்கள். "வர்ற வியாழக்கிழமை நீங்க முறைப்படி சோதனை பண்ணுங்க. ரெண்டையும் கண்டுபிடிங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்ப்போம்" என்றார்.

மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. வேலையை நன்றாகச் செய்தால் வாலுவின் பிழைப்பு போகும். மோசமாகச் செய்ய வேண்டும், அதுவும் பத்துப் பேர் முன்னால், என்னைக் 'காது' என்று கூப்பிட்டவர்கள் முன்னால். இந்த உலகத்தில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். இருக்கட்டும், விரலைவிடவா பெருமை பெரிது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்னொரு நப்பாசையும் இருந்தது, மறைக்கவில்லை. இதில் தோற்றால் மேனேஜர் என்னை நாற்காலியிலிருந்து தூக்கிவிடுவார். பழைய பை, பழைய வேலை. கெஞ்சிக் கிடைக்காதது இப்படியாவது கிடைக்கட்டுமே!

வியாழக்கிழமை காலை பையைத் தோளில் மாட்டியபோது மனைவி கதவருகில் நின்றிருந்தாள். ஐந்து வாரத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நானும் தம்பியும் வர்றோம்" என்றாள்.

கட்டடத்தின் கீழே எல்லாரும் நின்றார்கள். வாலு கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். அந்த அம்மா கடிகாரத்தை அழுத்தினார். நான் லிஃப்டில் ஏறிக் கதவை மூடினேன். என் திட்டம் எளிமையானது. முதலில் கேட்டுவிடுவது. எங்கே என்று தெரிந்துகொண்டு, பிறகு தெரியாதவன் மாதிரி அடியிலிருந்து நுனி வரைக்கும் தடவிக்கொண்டே போவது.

மேலே போனேன். ஒன்றும் கேட்கவில்லை.

கதவுப் பக்கம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது என்று பின்சுவரோடு ஒட்டி நின்று கீழே வந்தேன். லிஃப்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. லிஃப்டில் வருகிற எல்லாருக்கும் கேட்குமே, அந்தச் சத்தம். முன்பெல்லாம் அது எனக்கு ஒரே சத்தமாக இருந்ததே இல்லை. சக்கரம் தனி, தண்டவாளம் தனி, கதவு தனி, ரோப் தனி என்று பிரிந்து பிரிந்து வரும். இப்போது எல்லாம் குழைந்து ஒன்றாக இருந்தது. மறுபடி மேலே போனேன். லிஃப்டின் பக்கச் சுவரில் காதை வைத்து அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது. அந்த லிஃப்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அது என் தலைக்குள் இருந்தது. ஒன்றரை வருடமாக அந்த அறையில் கேட்டது, போகவே இல்லை.

ஐந்து தடவை மேலும் கீழும் போனேன். அதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டிருந்தது. வெளியே நிற்கிறவர்கள் பிரமாதமாக நடிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே நான் நாலு பக்கமும் மாற்றி மாற்றிக் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் அறைக்கு ஏறினேன். அந்த அம்மா மட்டும் கூட வந்தார். சுவிட்சை அணைத்தேன், பூட்டினேன், சாவியைப் பையில் போட்டேன், துணியால் தடவினேன். திறந்தேன், ஓடவிட்டேன், அணைத்தேன், பூட்டினேன். பன்னிரண்டாவது தடவையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பத்தொன்பதாவது தடவையில் துணி மாட்டியது. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டுவிட்டேன்! வாய்விட்டு "கிடைச்சிடுச்சு" என்றேன். அப்போது நான் யாருக்காக, எதற்காக வந்தேன் என்பதெல்லாம் எனக்கு மறந்து போயிருந்தது. இன்னொன்று இருக்கிறது, அதையாவது சீக்கிரம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தவித்தேன். முப்பத்து நாலாவது தடவையோடு ரோப் முடிந்துவிட்டது. இரண்டாவது கிடைக்கவே இல்லை.

"ஒரு மணி அம்பத்திரண்டு நிமிஷம்" என்றார் அந்த அம்மா. கோப்பில் எழுதினார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது இடம் ஆறாவது மாடி தாண்டினதும் வருது. நீங்க அதுமேல துணிய ரெண்டு தடவ ஓட்டினீங்க, மாட்டல. கை நின்னு நின்னு தேடிச்சு. நடிக்கிறவரு அந்த இடத்த அவசரமாத் தாண்டிப் போயிருப்பாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது நிமிஷம் நியாயமில்லன்னு எழுதறேன். உங்களுக்கு நெஜமாவே தெரியலங்கறத எழுத அவசியமில்ல."

நான் கும்பிட்டேன்.

உச்சி மாடி நடைவழியில் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் மெக்கானிக்குகள் வாலுவைக் கட்டிக்கொண்டார்கள். மேனேஜர் என் அருகே வந்து பல்லைக் கடித்தார். "நல்லா ஏமாத்திட்டீங்க. உங்களுக்கு நாற்காலி லாயக்கில்ல. திங்கக்கிழமைலேந்து பழையபடி பையத் தூக்குங்க. போங்க, உங்க காத வெச்சிப் பொழச்சிக்கங்க."

ஒன்றரை வருடமாக நான் ஏங்கியது அதற்குத்தான். தலையை ஆட்டினேன். உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை ஒரு கட்டடத்துக்குப் போவேன். 'காது வந்துட்டாரு, இனிமே கவலயில்ல' என்பார்கள். நான் லிஃப்டில் ஏறிக் கதவை மூடுவேன். அப்புறம்?

நாங்கள் மூன்று பேரும் அதே லிஃப்டில் இறங்கினோம். கதவு மூடியதும் என் மனைவி என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். "அத்தன பேரு முன்னால ஒண்ணும் தெரியாதவரு மாதிரி நின்னீங்களே. அவனுக்காகத்தானே? எனக்காகத்தானே?"

"ஆமா" என்றேன்.

வாலு குனிந்து என் முகத்தைப் பார்த்தான். பழைய குறும்பு கண்ணில் வந்திருந்தது. "மாமா, இப்ப யாரும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது இடம் எது? எப்பக் கேட்டுச்சு உங்களுக்கு?"

அவர்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் தடவ மேல போகும்போதே கேட்டுடுச்சுடா" என்றேன். "ஆறு தாண்டினதும்."

"எனக்குத் தெரியும்!" என்று அவன் நல்ல கையால் என் முதுகில் அடித்தான். "எனக்குத் தெரியும் மாமா!"

நான் கதவுக்கு மேலே எண்களைப் பார்த்தேன். ஒன்பது, எட்டு, ஏழு. மனைவி விசும்பலை நிறுத்தியிருந்தாள். ஆறு வந்தது, ஐந்து வந்தது. எனக்கு அந்த முனகல் மட்டும் கேட்டது.